கிரேக்கத் தீவுக்கு விடுமுறைப் பயணம்: வீட்டுக் கம்ப்யூட்டரில் திட்டமிடுவது எப்படி?

புதியதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலரும், முதல் சில மாதங்களில் அதனைப் பாட்டுக் கேட்கவும், படம் பார்க்கவும், இமெயில் அனுப்பவும் மட்டுமே பயன்படுத்துகின்றனர். அதன் பின்னர், "இதில் வேறு என்ன செய்யலாம்?" என்று கேட்கின்றனர். குடும்பத்துடன் செல்லும் ஒரு நீண்ட பயணத்தைத் திட்டமிட்டுப் பாருங்கள் என்பதே நான் தரும் பதில். பிரவுசர், மேப், காலண்டர், ஸ்ப்ரெட்ஷீட், பைல்களை ஒழுங்காகச் சேமித்தல் என வீட்டுக் கம்ப்யூட்டரில் கற்றுக் கொள்ள வேண்டிய பல விஷயங்கள் இந்த ஒரே வேலையில் அடங்கிவிடும்.

வரும் மே மாதம் கிரேக்க நாட்டின் கோர்ஃபு தீவில் ஏழு இரவுகள் தங்க நாங்கள் திட்டமிட்டு வருகிறோம். நான், என் மனைவி, பத்து வயது மகள், முழங்கால் வலியுள்ள என் அம்மா என நான்கு பேர். இது பல ஆண்டுச் சேமிப்பு. இணையத்தில் ஒரு பட்டனை அவசரப்பட்டு அழுத்தினால், அதில் ஒரு பகுதி திரும்ப வராமலே போய்விடலாம். எனவே ஒரு விதி வைத்துக் கொண்டேன். மேப், காலண்டர், கணக்கு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப் போகும் வரை எதற்கும் பணம் கட்டுவதில்லை. இந்த மூன்றையும் கம்ப்யூட்டரில் எப்படிச் சரி பார்ப்பது என்று இங்கு பார்ப்போம். நீங்கள் வேறு ஊருக்குச் செல்வதாக இருந்தாலும் இதே வழிகள் உதவும்.

ஏன் கோர்ஃபு?

கிரேக்கத் தீவு என்றவுடன் வெள்ளை வீடுகளும் நீலக் குவிமாடங்களும் கொண்ட சாண்டோரினி படம்தான் நினைவுக்கு வரும். கோர்ஃபு அப்படிப்பட்டதல்ல. அது பச்சைத் தீவு. கிரீஸ் நாட்டின் வடமேற்கில், அயோனியன் கடலில், அல்பேனியா நாட்டின் கரைக்கு எதிரே இருக்கிறது. ஏதென்ஸ் நகரில் ஆண்டுக்குச் சுமார் 400 மி.மீ. மழை பெய்கிறது என்றால், இங்கு 1,000 மி.மீட்டருக்கும் மேல் பெய்கிறது. மழையில் பெரும் பகுதி அக்டோபரிலிருந்து மார்ச் வரையில் கொட்டிவிடுகிறது. அதனால்தான் வசந்த காலத்தில் மலைச் சரிவுகள் எல்லாம் பசுமையாக இருக்கின்றன. தீவு முழுவதும் ஆலிவ் மரங்கள். இவற்றை நடும்படி ஊக்கத் தொகை கொடுத்து வளர்த்தவர்கள், 1386 முதல் 1797 வரை தீவை ஆண்ட வெனிஸ் நகர அரசினர்.

வெனிஸ் ஆட்சிக்குப் பின்னர் பிரெஞ்சுக்காரர்கள் வந்தனர். 1815 முதல் 1864 வரை பிரிட்டன் பாதுகாப்பில் இருந்தது. 1864 மே 21 அன்று கிரேக்க நாட்டுடன் இணைந்தது. ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றை விட்டுச் சென்றிருக்கின்றனர். வெனிஸ் அரசினர் கோட்டைகளை விட்டுச் சென்றனர். 1716ல் ஒட்டாமன் படை முற்றுகையிட்டபோது நகரைக் காத்தவை இந்தக் கோட்டைகள்தான். பிரெஞ்சுக்காரர்கள் லிஸ்டன் என்ற வளைவுகள் கொண்ட கட்டட வரிசையைக் கட்டினர். ஆங்கிலேயர் கிரிக்கெட்டை விட்டுச் சென்றனர். கோர்ஃபுவில் இன்றும் கிரிக்கெட் ஆடப்படுகிறது. இந்தப் பழைய நகரை 2007ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

என் மனைவிக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜெரால்ட் டரல் என்ற விலங்கியல் எழுத்தாளர், 1935 முதல் 1939 வரை சிறுவனாக இந்தத் தீவில் வாழ்ந்த கதையை எழுதிய நூலை அவர் பல முறை படித்திருக்கிறார். டரல் பிறந்தது 1925ல், நம் ஜாம்ஷெட்பூரில்!

முதலில் ஒரு போல்டர்

எதையும் தேடுவதற்கு முன்னர், டாகுமெண்ட்ஸ் பிரிவில் 'கோர்ஃபு' என்ற பெயரில் ஒரு போல்டர் உருவாக்கவும். காலியான இடத்தில் ரைட் கிளிக் செய்து, நியூ, போல்டர் எனத் தேர்ந்தெடுத்துப் பெயர் கொடுத்தால் போதும். அதனுள் விசா, விமானம், தங்குமிடம், இடங்கள், செலவு என ஐந்து சிறிய போல்டர்களை அமைக்கவும். பிரவுசரிலும் இதே பெயரில் ஒரு புக்மார்க் போல்டர் உருவாக்கிக் கொள்ளுங்கள். பிடித்த தளம் ஒன்றைக் கண்டவுடன் கண்ட்ரோல் + டி கீகளை அழுத்தி அதில் சேமிக்கலாம். இது சின்ன வேலையாகத் தெரியும். ஆனால் இரண்டு வாரம் கழித்து, "அன்று பார்த்த அந்த ஓட்டல் எது?" என்று வீட்டில் கேட்கும்போது இதன் அருமை புரியும்.

மேப் சொல்லும் முதல் உண்மை

கூகுள் மேப்ஸ் தளத்தைத் திறந்து, தேடல் கட்டத்தில் கோர்ஃபு என டைப் செய்து என்டர் தட்டவும். தீவு தெரியும். இப்போது மவுஸ் சக்கரத்தைப் பின்னோக்கிச் சுழற்றி, ஏதென்ஸ் நகரமும் சாண்டோரினியும் ஒன்றாகத் தெரியும் வரை வரைபடத்தைச் சிறிதாக்குங்கள். ஒரு முக்கிய உண்மை கண்ணில் படும். சாண்டோரினி, மிக்கோனோஸ் போன்றவை நாட்டின் கிழக்கே, ஏஜியன் கடலில் இருக்கின்றன. கோர்ஃபு நாட்டின் மறு பக்கத்தில், மேற்கே இருக்கிறது.

"ஏதென்ஸ் போய்விட்டால், பிரேயஸ் துறைமுகத்தில் கப்பல் பிடித்து எந்தத் தீவுக்கும் போய்விடலாம்" என்று நண்பர் ஒருவர் என்னிடம் கூறினார். சாண்டோரினிக்கு அது சரி, கோர்ஃபுவுக்குச் சரியல்ல. கோர்ஃபுவுக்குக் கப்பல் புறப்படுவது, எதிரே உள்ள இகூமெனிட்சா என்ற துறைமுகத்திலிருந்து. கடல் பயணம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் ஏதென்ஸிலிருந்து இகூமெனிட்சா செல்லவே ஒரு நாளின் பெரும் பகுதி தரைவழியில் செல்ல வேண்டும். விமானம் என்றால் ஏதென்ஸிலிருந்து ஒரு மணி நேரம். விமான நிலையம் நகரிலிருந்து சுமார் மூன்று கி.மீ. தொலைவில் உள்ளது. அம்மாவை நினைத்து விமானம் என்று முடிவு செய்தோம். "ஒரே பயணத்தில் சாண்டோரினியையும் சேர்த்துக் கொள்ளலாமே" என்ற யோசனையையும் அன்றே விட்டுவிட்டோம்.

கப்பல் தளங்களில் தேடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தீவின் கிரேக்கப் பெயர் கெர்கிரா. சில தளங்களில் கோர்ஃபு எனத் தேடினால் கிடைக்காதது, கெர்கிரா எனத் தேடினால் கிடைக்கும்.

ஒரே பெயரில் இரண்டு ஊர்கள்

தீவுக்குள் தூரம் பார்ப்பது அடுத்த வேலை. மேப்பில் ஓர் இடத்தின் மீது ரைட் கிளிக் செய்தால் மெனு விரியும். அதில் 'மெஷர் டிஸ்டன்ஸ்' என்பதைக் கிளிக் செய்து, அடுத்த இடத்தில் கிளிக் செய்தால் இடைப்பட்ட தூரம் கிடைக்கும். ஆனால் இது காக்கை பறக்கும் தூரம். கோர்ஃபு மலைப் பாங்கான தீவு. பாண்டோக்ராடர் மலையின் உயரம் 906 மீட்டர். சாலைகள் வளைந்து வளைந்து செல்பவை. எனவே 'டைரக்சன்ஸ்' பட்டனை அழுத்தி, சாலை வழித் தூரத்தையும் நேரத்தையும் பார்ப்பதே சரி. மேற்குக் கரையில் உள்ள பாலியோகாஸ்ட்ரிட்சா, நகரிலிருந்து சுமார் 25 கி.மீ. தான். ஆனால் சாலையில் முக்கால் மணி நேரம் ஆகும் என்று வைத்துக் கொள்ள வேண்டும்.

ஓட்டல் தேடும்போது இங்கு ஒரு சிக்கல் உள்ளது. ஆகியோஸ் என்றால் கிரேக்க மொழியில் புனிதர் என்று பொருள். புனிதர்களின் பெயரில் பல ஊர்கள் இருக்கின்றன. கோர்ஃபுவில் ஆகியோஸ் ஜார்ஜியோஸ் என்ற பெயரில் இரண்டு கடற்கரை ஊர்கள் உள்ளன. ஒன்று தீவின் வடமேற்கில், மற்றொன்று தெற்கில். ஆகியோஸ் ஸ்டெஃபானோஸ் என்ற பெயரிலும் வடமேற்கில் ஒன்று, வடகிழக்கில் ஒன்று என இரண்டு உண்டு. ஒன்றின் படத்தைப் பார்த்து மயங்கி, மற்றொன்றில் அறை பதிவு செய்தால், பார்க்க நினைத்த இடங்கள் எல்லாம் தீவின் அடுத்த பக்கத்தில் இருக்கும்.

இதைத் தவிர்க்க எளிய வழி, ஊர்ப் பெயரை நம்பாமல், ஓட்டலின் முழு முகவரியை மேப்பில் ஒட்டிப் பார்ப்பதுதான். முகவரியை மவுஸால் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் + சி அழுத்திக் காப்பி செய்யவும். மேப்ஸ் தேடல் கட்டத்தில் கண்ட்ரோல் + வி அழுத்தி ஒட்டவும். முகவரி கிரேக்க எழுத்தில் இருந்தாலும் கவலை வேண்டாம். அப்படியே ஒட்டினால் சரியான இடத்தைக் காட்டும்.

அடிக்கடி பார்க்க வேண்டிய இடங்களைக் குறித்து வைக்க, கூகுள் தரும் 'மை மேப்ஸ்' என்ற வசதி இருக்கிறது. உங்கள் ஜிமெயில் கணக்கில் நுழைந்து, புதிய மேப் ஒன்றை உருவாக்கி, ஒவ்வோர் இடத்திலும் ஒரு குறியீட்டை வைக்கலாம். நான் பார்க்கும் இடங்களுக்குப் பச்சை, ஓட்டல்களுக்குச் சிவப்பு, மருத்துவமனைக்கு நீலம் எனக் கொடுத்திருக்கிறேன். பச்சைக் குறிகள் எங்கு அதிகமாகக் கூடுகின்றனவோ அங்கே தங்குவது நல்லது. எங்கள் மேப்பில் அவை கோர்ஃபு நகரைச் சுற்றியே கூடின. எனவே ஏழு இரவும் நகரிலேயே தங்குவது என முடிவாயிற்று.

அம்மாவின் முழங்காலும் ஸ்ட்ரீட் வியூவும்

பழைய நகரின் கம்பியெல்லோ பகுதி மிக அழகானது. உயரமான பழைய வீடுகள், இடையே கயிற்றில் காயும் துணிகள், குறுகலான சந்துகள். படங்களைப் பார்த்தவுடன் அங்கேயே தங்க ஆசை வரும். ஆனால் அந்தச் சந்துகளில் கார் நுழையாது. பல இடங்களில் படிக்கட்டுகள். வீடுகளோ பல மாடிகள் கொண்டவை. பழைய கட்டடங்களில் லிப்ட் இருக்கும் என்று எண்ணிவிட முடியாது. இதை எந்த ஓட்டலும் முதல் படத்தில் காட்டாது.

மேப்ஸ் திரையின் வலது கீழ் மூலையில் மஞ்சள் நிறத்தில் ஒரு சிறிய மனித உருவம் இருக்கும். அதனை மவுஸால் இழுத்து வந்து நீல நிறக் கோடு தெரியும் தெருவில் விட்டால், அந்தத் தெருவில் நின்று பார்ப்பது போன்ற காட்சி கிடைக்கும். இதுதான் ஸ்ட்ரீட் வியூ. அம்புக் குறிகளைக் கிளிக் செய்தபடி, டாக்சி நிற்கும் இடத்திலிருந்து ஓட்டல் வாசல் வரை நடந்து பாருங்கள். நீலக் கோடு பாதி வழியிலேயே நின்றுவிட்டால், அங்கிருந்து பெரும்பாலும் நடைபாதை என்று பொருள். நான் பார்த்த மூன்று ஓட்டல்களில் இரண்டை இந்த ஒரு சோதனையிலேயே நீக்கிவிட்டேன். மூன்றாவது, பழைய நகரின் ஓரத்தில், ஸ்பியானாடா சதுக்கத்திற்கு அருகில், வாசல் வரை கார் வரும் தெருவில் உள்ளது. லிப்ட் உண்டா, வாசலில் எத்தனை படி என்று இமெயிலில் கேட்டேன். பதில் எழுத்தில் வந்தது. அந்த இமெயிலைத் 'தங்குமிடம்' போல்டரில் சேமித்திருக்கிறேன்.

பார்க்கும் இடங்களையும் இப்படியே சோதித்தோம். பழைய கோட்டையின் உச்சிக்கு ஏற்றமான பாதை. ஆஞ்சலோகாஸ்ட்ரோ என்ற மலைக் கோட்டைக்கும் ஏறித்தான் செல்ல வேண்டும். இந்த இரண்டிலும் அம்மா கீழே தங்கிக் கொள்வார். ஆனால் லாகோனெஸ் கிராமத்தின் சாலை ஓரத்திலிருந்தே பாலியோகாஸ்ட்ரிட்சா வளைகுடா முழுவதும் தெரிகிறது. காரிலிருந்து இறங்கினால் போதும். கனோனி முனையிலும் மேலே இருந்தபடியே, வ்லாஹெர்னா மடத்தையும் எலித் தீவு எனப்படும் பொந்திகோனிசியையும் பார்த்துவிடலாம். ஆக, அம்மாவைத் தனியே விட்டுச் செல்லும் பொழுது என்பது மொத்தப் பயணத்தில் இரண்டு காலைகள் மட்டுமே என்று தெரிந்தது. இதுதான் எனக்குப் பெரிய நிம்மதி.

காலண்டரில் கவனிக்க வேண்டியவை

கூகுள் காலண்டரில், இடது பக்கம் 'அதர் காலண்டர்ஸ்' என்பதன் அருகில் உள்ள கூட்டல் குறியை அழுத்தினால், 'பிரவுஸ் காலண்டர்ஸ் ஆப் இன்ட்ரஸ்ட்' என்ற பிரிவு கிடைக்கும். அதில் கிரீஸ் நாட்டு விடுமுறைகளைத் தேர்ந்தெடுத்தால், அந்நாட்டு விடுமுறை நாட்கள் நம் காலண்டரில் வந்து சேரும்.

இது ஏன் தேவை? கோர்ஃபுவின் மிகப் பெரிய விழா ஈஸ்டர். புனித சனிக்கிழமை காலையில், பால்கனிகளிலிருந்து தண்ணீர் நிறைந்த பெரிய மண் பானைகளைத் தெருவில் போட்டு உடைப்பார்கள். அதைப் பார்க்கவே ஆயிரக்கணக்கானோர் வருவதால், அறைகள் பல மாதங்களுக்கு முன்னரே நிரம்பிவிடும். ஆனால் கிரேக்கர்களின் ஈஸ்டர், நம் வீட்டுக் காலண்டரில் உள்ள ஈஸ்டர் அல்ல. அவர்கள் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையினர். 2027ல் மேற்கத்திய ஈஸ்டர் மார்ச் 28. ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் மே 2. ஐந்து வாரங்கள் வேறுபாடு! 2028ல் இரண்டும் ஏப்ரல் 16 அன்றே வருகின்றன. விழாவைப் பார்க்க விரும்புவோரும், கூட்டத்தைத் தவிர்க்க விரும்புவோரும் இதைச் சரி பார்த்த பின்னரே விமானம் தேட வேண்டும்.

நாங்கள் மே 17 முதல் 24 வரை எனத் தேர்ந்தெடுத்தோம். மகளுக்குக் கோடை விடுமுறை. மழைக் காலம் முடிந்து தீவு பசுமையாக இருக்கும். ஓட்டல்கள் திறந்திருக்கும். (பல ஓட்டல்கள் குளிர் காலத்தில் மூடிக் கிடக்கும்.) மே 21, தீவு கிரீஸுடன் இணைந்த நாள் என்பதால் நகரில் விழா. கடல் நீர் மட்டும் அப்போது குளிர்ச்சியாகத்தான் இருக்கும். நீந்துவதே நோக்கம் என்றால் ஜூனுக்கு மேல் செல்லுங்கள்.

நேர வேறுபாட்டையும் குறித்துக் கொள்ளுங்கள். கோடையில் கிரீஸ் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். குளிர் காலத்தில் மூன்றரை மணி நேரம். ஓட்டலை இலவசமாக ரத்து செய்யும் கடைசி நேரம் அவர்கள் ஊர் நேரப்படி இருக்கும். நான் அந்தத் தேதிக்கு இரண்டு நாள் முன்னதாக, நினைவூட்டல் மணியுடன் ஒரு குறிப்பைக் காலண்டரில் வைத்திருக்கிறேன்.

விசா: பணம் கட்டும் முன்னர் படிக்க வேண்டியது

கிரீஸ், ஷெங்கன் நாடுகளில் ஒன்று. இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத்திற்கு ஆறு மாதத்திற்கு முன்னர் விண்ணப்பிக்க முடியாது. 15 நாட்களுக்குக் குறைவாக இருந்தாலும் ஏற்க மாட்டார்கள். எங்களுக்கு நவம்பர் 17 தொடக்கம். இதையும் காலண்டரில் குறித்துவிட்டேன். பாஸ்போர்ட், ஷெங்கன் பகுதியிலிருந்து வெளியேறும் நாளுக்குப் பின்னர் குறைந்தது மூன்று மாதம் செல்லத்தக்கதாகவும், கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். இரண்டு வெற்றுப் பக்கங்களும் வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு எடுக்க வேண்டும்.

விண்ணப்பத்துடன் பயணத் திட்டமும், தங்குமிடச் சான்றும் கேட்கப்படும். இதற்காக, ரத்து செய்தால் பணம் திரும்ப வராத மலிவு டிக்கெட்டையோ அறையையோ முதலிலேயே வாங்கிவிடாதீர்கள். விசா கிடைக்காவிட்டால் அந்தப் பணம் போனதுதான். ஓட்டல் தளங்களில் இடது பக்கம் உள்ள பில்டர் பட்டியலில் 'ப்ரீ கேன்சலேஷன்' என்ற கட்டத்தில் டிக் செய்துவிட்டுத் தேடுங்கள்.

இன்னொன்று. கோர்ஃபுவிலிருந்து எதிரே உள்ள அல்பேனியாவின் சராண்டா துறைமுகத்திற்கு வேகப் படகில் அரை மணி நேரத்தில் போய்விடலாம். அருகில் புட்ரின்ட் என்ற பழமையான நகரின் இடிபாடுகள் உள்ளன. ஒரு நாள் சுற்றுலா எனப் பல தளங்கள் விளம்பரம் செய்கின்றன. ஆனால் அல்பேனியா ஷெங்கன் நாடு அல்ல. உங்கள் விசா ஒரு முறை மட்டுமே நுழையக் கூடியது என்றால், படகில் ஏறி வெளியேறியவுடன் அது முடிந்துவிடும். கோர்ஃபுவுக்குத் திரும்ப முடியாது. ஓட்டலில் பெட்டிகள் மட்டும் இருக்கும்! விசாவில் எத்தனை முறை நுழையலாம் என அச்சிட்டிருப்பதைப் பார்த்த பின்னரே இந்தச் சுற்றுலாவைப் பதிவு செய்யவும்.

2025 அக்டோபர் 12 முதல், ஷெங்கன் எல்லைகளில் கைரேகையும் முகப் படமும் பதிவு செய்யும் புதிய முறை படிப்படியாகக் கொண்டு வரப்பட்டது. வரிசையில் நேரம் பிடிக்கலாம். எனவே ஏதென்ஸில் அடுத்த விமானத்திற்கு மூன்று மணி நேரமாவது இடைவெளி இருக்கும்படி பார்த்துக் கொள்வது நல்லது.

ஸ்ப்ரெட்ஷீட்டில் கணக்கு

எக்ஸெல் இல்லாதவர்கள், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் அல்லது கூகுள் ஷீட்ஸ் பயன்படுத்தலாம். முதல் நெட்டு வரிசையில் செலவின் பெயர், அடுத்ததில் ஒன்றின் விலை, மூன்றாவதில் எண்ணிக்கை, நான்காவதில் மொத்தம் என அமைக்கவும். மொத்தம் வர வேண்டிய செல்லில் சமக் குறி அடித்து, விலை உள்ள செல்லைக் கிளிக் செய்யவும். பின்னர் நட்சத்திரக் குறி அடித்து, எண்ணிக்கை உள்ள செல்லைக் கிளிக் செய்து, என்டர் தட்டவும். பெருக்கல் விடை வந்துவிடும். அந்தச் செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறிய கட்டத்தைப் பிடித்துக் கீழே இழுத்தால், எல்லா வரிசைகளுக்கும் கணக்கு கிடைக்கும்.

இரவுகளின் எண்ணிக்கையையும் இதுவே கணக்கிடும். இரு செல்களில் புறப்படும் தேதியையும் வரும் தேதியையும் அடித்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் போதும். மே 24லிருந்து மே 17ஐக் கழித்தால் 7 எனக் கிடைக்கும். விடை தேதி போலத் தெரிந்தால், செல்லின் பார்மட்டை 'நம்பர்' என மாற்றவும்.

யூரோவின் ரூபாய் மதிப்பை ஒவ்வொரு வரிசையிலும் அடிக்க வேண்டாம். மேலே ஒரு செல்லில் மட்டும் அடித்து, பார்முலாவில் அதைக் கிளிக் செய்தவுடன் எப்4 கீயை அழுத்தவும். அந்தச் செல் நிலையாகிவிடும். விகிதம் மாறும்போது ஓர் எண்ணை மாற்றினால், மொத்தக் கணக்கும் தானாக மாறிவிடும்.

இந்தப் பட்டியலில், தளங்களின் முதல் பக்கத்தில் தெரியாத செலவுகளை முதலில் எழுதுங்கள். விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுள்ள குழந்தைகளுக்கு 45 யூரோ. எங்களுக்கு மூன்று பெரியவர், ஒரு குழந்தை, 315 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. கிரீஸில் ஓட்டல்கள், பருவ நிலைப் பாதிப்புகளைச் சமாளிக்க என ஓர் அரசு வரியை அறைக்கு, இரவுக்கு இவ்வளவு என நேரில் வசூலிக்கின்றன. 2025ல் உயர்த்தப்பட்டபடி, ஏப்ரல் முதல் அக்டோபர் வரை 3 நட்சத்திர ஓட்டலில் 5 யூரோ, 4 நட்சத்திர ஓட்டலில் 10 யூரோ. இரண்டு அறை, ஏழு இரவு, 3 நட்சத்திரம் என்றால் 70 யூரோ. இதையே 4 நட்சத்திரம் ஆக்கினால் 140 யூரோ. விசாவும் வரியும் சேர்ந்து எங்களுக்கு 385 யூரோ. ஓட்டல் தளத்தில் பார்த்த விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டிருந்தால், இந்தத் தொகை விடுபட்டே போயிருக்கும்.

பணம் கட்டும் நேரம்

கம்ப்யூட்டருக்குப் புதியவர்கள் இந்த இடத்தில் நிதானமாக இருக்க வேண்டும். தேடல் விடைகளில் முதலில் வருவது பெரும்பாலும் விளம்பரம். அதைக் கிளிக் செய்யாமல், ஓட்டல், விமான நிறுவனம் ஆகியவற்றின் முகவரியை நீங்களே டைப் செய்து செல்லுங்கள். முகவரியை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். பூட்டுப் படம் இருந்தால் மட்டும் தளம் உண்மையானது என்று பொருளல்ல; போலித் தளங்களிலும் பூட்டு இருக்கும். "இன்னும் ஓர் அறைதான் உள்ளது", "பத்துப் பேர் இதைப் பார்த்துக் கொண்டிருக்கின்றனர்" என்ற வரிகளைக் கண்டு பதற வேண்டாம். கார்டு விவரங்களை இமெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ யார் கேட்டாலும் அனுப்பக் கூடாது. வெளியில் உள்ள இன்டர்நெட் மையத்தில் கார்டு எண்ணை டைப் செய்யாதீர்கள்.

பதிவு முடிந்தவுடன் கண்ட்ரோல் + பி அழுத்தி, பிரிண்டர் பட்டியலில் 'மைக்ரோசாப்ட் பிரிண்ட் டு பிடிஎப்' எனத் தேர்ந்தெடுத்தால், அந்தப் பக்கம் பிடிஎப் பைலாகிவிடும். ரத்து விதிகள் உள்ள பக்கத்தையும் இப்படியே சேமித்து வையுங்கள். பின்னர் தகராறு வந்தால் இதுதான் சாட்சி.

எங்கள் நாள் திட்டம்

முதல் இரு நாட்கள் நகரம். லிஸ்டன், கோட்டைகள், 16ம் நூற்றாண்டில் கட்டப்பட்ட புனித ஸ்பிரிடோன் தேவாலயம், கார்கன் எனப்படும் பாம்புக் கூந்தல் பெண்ணின் பழைய சிற்பம் உள்ள தொல்பொருள் மியூசியம். மூன்றாம் நாள் கனோனியும், அருகில் உள்ள மோன் ரெப்போ மாளிகையும். எலிசபெத் ராணியின் கணவர் பிலிப் 1921ல் பிறந்தது இந்த மாளிகையில்தான். நான்காம் நாள் பாலியோகாஸ்ட்ரிட்சா, லாகோனெஸ். மே 21, ஐந்தாம் நாள். விழாவுக்காக நகரிலேயே இருப்போம். ஆறாம் நாள் அகிலியோன். ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத்துக்காக 1890களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட அரண்மனை இது. சீரமைப்புப் பணிக்காக உள்ளே அனுமதி இல்லாத காலங்களும் இருந்தன. எனவே செல்லும் வாரத்தில் மீண்டும் பார்க்க வேண்டும் எனக் காலண்டரில் குறித்திருக்கிறேன். ஏழாம் நாள், எழுத்தாளர் லாரன்ஸ் டரல் வாழ்ந்த வெள்ளை வீடு இருக்கும் கலாமி. இவர் ஜெரால்டின் அண்ணன்.

நகருக்குள்ளும் சுற்றிலும் நீலப் பேருந்துகள், தொலைவில் உள்ள ஊர்களுக்குப் பச்சைப் பேருந்துகள் செல்கின்றன. ஞாயிற்றுக் கிழமைகளிலும் விடுமுறை நாட்களிலும் இவை குறைவு. கால அட்டவணை கிரேக்க மொழியில் இருந்தால், குரோம் பிரவுசரில் அந்தப் பக்கத்தில் ரைட் கிளிக் செய்து 'டிரான்ஸ்லேட்' பிரிவைத் தேர்ந்தெடுக்கலாம். கார் ஓட்ட விரும்புவோர், நம் ஊர் லைசென்சுடன் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் பெற்றுச் செல்ல வேண்டும்; அங்கு சாலையின் வலது பக்கம் ஓட்ட வேண்டும். சைவம் சாப்பிடுபவர்கள் கவலைப்பட வேண்டாம். கீரை வைத்த ஸ்பனகோபிதா, தக்காளிச் சாற்றில் வெந்த பெரிய வெள்ளை மொச்சை போன்ற கிகாண்டெஸ், சாலட் ஆகியவை கிடைக்கும்.

புறப்படும் முன்

'கோர்ஃபு' போல்டர் முழுவதையும் ஒரு பென் டிரைவில் காப்பி செய்து கொள்ளவும். மொபைல் போனில் கூகுள் மேப்ஸ் திறந்து, 'ஆப்லைன் மேப்ஸ்' பிரிவில் கோர்ஃபு பகுதியை வீட்டிலேயே டவுண்லோட் செய்துவிட்டால், அங்கு இணைய இணைப்பு இல்லாதபோதும் வழி தெரியும். ஐரோப்பாவில் அவசர உதவிக்கான எண் 112. அதைப் போனில் பதிந்து கொள்ளுங்கள். ஓட்டல் முகவரியை, கிரேக்க எழுத்தில் ஒரு தாளில் பெரிதாக அச்சிட்டு ஒவ்வொருவர் பையிலும் வையுங்கள். டாக்சி டிரைவரிடம் அம்மா அதைக் காட்டினாலே போதும்.

இணையத்தில் நாம் பார்க்கும் படங்கள் எல்லாம் ஆசையை வளர்ப்பவை. அதில் தவறில்லை, ஆசை இல்லாமல் யாரும் புறப்படுவதில்லை. ஆனால் வயதானவரையும் குழந்தையையும் அழைத்துச் செல்லும்போது, எத்தனை படி, எத்தனை மணி நேரம், எவ்வளவு பணம் என்ற மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். அந்த விடைகளை உங்கள் மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டரே தரும். இன்று மாலையே ஒரு போல்டரை உருவாக்கித் தொடங்குங்கள். கோர்ஃபுவாக இருந்தாலும் சரி, கொடைக்கானலாக இருந்தாலும் சரி.